ரயில் வந்தால் சாலை காலியாகுமா? திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1863 ஜனவரியில் லண்டனில் உலகின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. அதற்காகப் பல ஆண்டுகள் வாதாடிய வழக்கறிஞர் சார்லஸ் பியர்சன் அதைக் காண உயிரோடு இல்லை. அவர் சொன்ன நியாயங்கள் இரண்டு. வண்டிகளால் அடைபட்ட தெருக்களுக்கு விடுதலை கிடைக்கும் என்பது ஒன்று. நெருக்கடியான குடியிருப்புகளில் முடங்கிக் கிடக்கும் உழைப்பாளிகள் நகருக்கு வெளியே காற்றோட்டமான வீடுகளில் வாழ்ந்துகொண்டே வேலைக்கு வந்துபோகலாம் என்பது மற்றொன்று. நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு புதிய நகர ரயில் திட்டமும் இந்த இரண்டு நியாயங்களையே வேறு வேறு சொற்களில் முன்வைக்கிறது. முதலாவது பெரும்பாலும் பொய்த்திருக்கிறது என்பதும், இரண்டாவது நிபந்தனைகளோடு மெய்த்திருக்கிறது என்பதும் கிடைக்கும் சான்றுகளிலிருந்து தெரியவருகின்றன. ஆனால் அந்த நிபந்தனைகள் பெரிய தலைநகரங்களைப் பார்த்து வகுக்கப்பட்டவை. வேலை ஓரிடத்தில் குவியாமல் ஆயிரக்கணக்கான கூடங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு தொழில் நகருக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும்?

கொங்குப் பகுதியில் இக்கேள்வி இப்போது நேரடியாக எழுந்துள்ளது. 2025 மார்ச் மாத மாநில நிதிநிலை அறிக்கையில், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் ஆகிய நான்கு நகரங்களை இணைக்கும் 185 கிலோமீட்டர் மண்டல விரைவு ரயிலுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு செய்யப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், சுமார் 34 கிலோமீட்டர் நீளமும் ரூ.10,740 கோடி மதிப்பும் கொண்ட கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. அவிநாசி சாலை வழியாக நீலாம்பூர் வரை, அதாவது திருப்பூர் திசையை நோக்கி, வரவிருந்த தடமும் அதில் அடக்கம். ஒரு கதவு அடைபட்ட ஆண்டிலேயே இன்னொன்று பாதி திறந்திருக்கிறது.

நெரிசல் குறையும் என்ற நம்பிக்கை

பழமையான, மக்களிடம் எளிதில் எடுபடும் நிலைப்பாடு இது. ஒரு ரயில் பெட்டி ஏற்றும் கூட்டத்தை ஏற்ற எத்தனை கார்கள் வேண்டும் என்று கணக்குக் காட்டி, அத்தனை கார்களும் சாலையிலிருந்து மறையும் என்று முடிவு கட்டுவார்கள்.

இந்தக் கணக்கின் பிழையை அமெரிக்கப் பொருளியலாளர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே சுட்டிக்காட்டினார். உச்ச நேரத்தில் ஒரு சாலை சற்றே விடுபட்டால், வேறு வழிகளில் போனவர்களும், வேறு நேரத்தில் கிளம்பியவர்களும், பேருந்தில் போனவர்களும் அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள் என்பது அவர் வாதம். 2011-இல் கில்ஸ் டுராண்டன், மாத்யூ டர்னர் இருவரும் அமெரிக்க நகரங்களின் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். சாலை நீளம் கூடும் அதே விகிதத்தில் வாகன ஓட்டமும் கூடுகிறது என்றும், பொதுப் போக்குவரத்தை அதிகரிப்பதால் மொத்த வாகன ஓட்டம் குறைவதற்குச் சான்றில்லை என்றும் கண்டனர்.

எனினும் இதை ரயிலுக்கு எதிரான தீர்ப்பாக வாசிப்பது அவசரம். 2003-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பொதுப் போக்குவரத்து ஊழியர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது, விரைவுச் சாலைகளில் தாமதம் சராசரியாக 47 விழுக்காடு உயர்ந்ததை மைக்கேல் ஆண்டர்சன் 2014-இல் எழுதிய ஆய்வில் காட்டினார். மக்கள்தொகையில் சிறு பகுதியே பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் ஊர் அது. ஆனால் அந்தச் சிறு பகுதியினர் மிக நெரிசலான தடங்களில்தான் பயணிக்கிறார்கள். டெல்லியைப் பற்றித் தீப்தி கோயல், சோனம் குப்தா இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, மெட்ரோ விரிவாக்கத்துக்குப் பின் ஒரு முக்கியச் சந்திப்பில் கார்பன் மோனாக்சைடு அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொல்கிறது. அது ஒரு சந்திப்பின் கணக்கே. டெல்லியின் காற்று ஒட்டுமொத்தமாக எப்படியிருக்கிறது என்பது எல்லோரும் அறிந்தது.

இரு தரப்பையும் சேர்த்து வாசித்தால், ரயில் நெரிசலை ஒழிப்பதில்லை, நெரிசலில் சிக்காமல் போக ஒரு வழியைத் தருகிறது என்று சொல்லலாம். அந்த வழி யாருக்கு எட்டுகிறது என்பதில்தான் அதன் பயன் அடங்கியிருக்கிறது.

கணிப்பும் கணக்கும்

இரண்டாவது நிலைப்பாடு ஐயவாதிகளுடையது. டான் பிக்ரெல் 1989-இல் அமெரிக்க அரசுக்காகத் தயாரித்த அறிக்கையில், அந்நாட்டுப் புதிய நகர ரயில்களில் பெரும்பாலானவை கணிக்கப்பட்ட பயணிகளில் பாதியைக்கூட எட்டவில்லை என்று காட்டினார். பெண்ட் ஃப்ளூவ்பியர் குழுவினர் 2005-இல் 14 நாடுகளின் திட்டங்களை ஒப்பிட்டபோது, பத்தில் ஒன்பது ரயில் திட்டங்களில் பயணிகள் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டிருந்தது. சராசரி மிகை நூறு விழுக்காட்டுக்கும் மேல். திட்டத்துக்கு ஒப்புதல் பெற வேண்டிய கட்டாயமே மிகைக் கணிப்பைப் பிறப்பிக்கிறது என்பது அவர்களது விளக்கம்.

இந்திய அனுபவம் இதற்குப் பெரிதும் ஒத்துவருகிறது. சென்னைப் பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கி, வேளச்சேரியை எட்ட 2007 ஆனது. பிரம்மாண்டமான நிலையங்கள் எழுந்தன. அவற்றின் வாசலுக்குப் பேருந்து வருவது உறுதி செய்யப்படவில்லை. 2015 ஜூனில் கோயம்பேடு – ஆலந்தூர் இடையே தொடங்கிய சென்னை மெட்ரோ நிதானமாக வளர்ந்து, 2024-இல் ஆண்டுக்கு 10 கோடிப் பயணங்களைத் தாண்டியது. நாள் கணக்கில் சற்றேறக்குறைய 2.9 லட்சம். இது சாதனையே. ஆனால் இந்த நிலையை எட்ட ஒன்பது ஆண்டுகள் பிடித்தன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல நகரங்களின் மெட்ரோக்கள் எதிர்பார்த்த பயணிகளைப் பெறவில்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2022-இல் கவலை தெரிவித்தது. கோவை அறிக்கையைத் திருப்பி அனுப்பியபோது ஒன்றிய அரசு எழுப்பிய ஐயங்களில் இதுவும் ஒன்று: 34 கிலோமீட்டர் தடத்தில் நாளொன்றுக்கு 5.9 லட்சம் பேர் பயணிப்பர் என்ற மதிப்பீடு, அதைவிட நீளமான சென்னைத் தடங்களில் உண்மையாகவே பயணிப்போரைவிட அதிகமாக இருந்தது.

ஐயவாதிகளின் பலவீனம், அவர்கள் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளையே அளக்கிறார்கள் என்பது. சென்னையில் 1931 மே மாதம் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் வழியில் பெரும்பகுதி வயலும் ஏரியுமாக இருந்தது. ஐந்தாண்டுக் கணக்கில் அது எப்படித் தேறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாம்பலம் முதல் தாம்பரம் வரையிலான இன்றைய சென்னை அந்தத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டுதான் வளர்ந்தது.

பேருந்தை முன்வைப்போர்

மூன்றாவது தரப்பின் இந்தியக் குரல் டெல்லி ஐஐடி பேராசிரியராக இருந்த தினேஷ் மோகனுடையது. 2008-இல் எழுதிய கட்டுரையில் அவர் வைத்த வாதம் எளியது, கடுமையானது: இந்திய நகரங்களில் பயணத் தொலைவு குறைவு, வருமானம் குறைவு, மாடிப் படியேறி, சோதனை கடந்து, நடைமேடையில் காத்திருந்து, இறங்கி மறுபடி நடக்கும் நேரத்தைச் சேர்த்தால், குறுந்தொலைவுப் பயணிக்கு மெட்ரோவால் நேரம் மிச்சமாவதில்லை. அதே பணத்தில் பல மடங்கு நீளத்துக்குப் பேருந்துத் தனித்தடம் அமைக்கலாம் என்றார். பிரேசிலின் குரிச்சிபா 1974 முதலும், கொலம்பியாவின் போகோட்டா 2000 முதலும் இதைச் செய்து காட்டியிருந்தன.

இந்திய நடைமுறை இந்தத் தரப்புக்கு முழு ஆதரவு தரவில்லை. அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய பேருந்துத் தடம் நிலைத்தது. டெல்லியில் 2008-இல் போட்ட தடம், கார் ஓட்டுவோரின் எதிர்ப்புக்குப் பிறகு 2016-இல் அகற்றப்பட்டது. சாலையில் ஒரு பகுதியைப் பேருந்துக்கென ஒதுக்குவது பொறியியலைவிட அரசியல் துணிவைக் கேட்கும் வேலை. உயரத்தில் ஓடும் ரயில் அந்தச் சண்டையைத் தவிர்க்கிறது. ரயில் இத்தனை செலவிருந்தும் விரும்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் இவ்விவாதத்தின் தரையையே மாற்றிய செய்தி வேறொன்று. 2021 மே முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் நடத்திய ஆய்வில், இத்திட்டத்தால் பெண்கள் மாதம் சராசரியாக ரூ.888 மிச்சப்படுத்துவதாகத் தெரிந்தது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு இது சிறு தொகையன்று. புதிதாக வரும் எந்த ரயிலும் கட்டணமில்லாத இந்தப் பேருந்தோடுதான் போட்டியிட வேண்டியிருக்கும். 2017-இல் டெல்லியிலும் 2025-இல் பெங்களூரிலும் மெட்ரோ கட்டணம் உயர்ந்ததும் பயணிகள் குறைந்தனர். கட்டணம் கூடினால் பயணி விலகிப்போவதை இது காட்டுகிறது. இதைக் கணக்கில் எடுக்காத பயணிகள் மதிப்பீடு எதையும் இப்பகுதிக்கு நம்பகமானதாகக் கொள்ள இயலாது.

பனியன் ஊரின் போக்குவரவு

மேற்கண்ட மூன்று தரப்புகளும் ஒரே நகர வடிவத்தை மனத்தில் வைத்தே பேசுகின்றன. நடுவில் அலுவலகங்கள், சுற்றிலும் வீடுகள், காலையில் உள்ளே, மாலையில் வெளியே. திருப்பூர் அப்படிப்பட்ட ஊரன்று. இங்கே வேலையும் வீடும் ஊர் முழுக்கக் கலந்து கிடக்கின்றன.

2024-25 நிதியாண்டில் இங்கிருந்து சென்ற பின்னலாடை ஏற்றுமதி சுமார் ரூ.40,000 கோடி. இதைச் செய்வது ஒரு சில பெரிய ஆலைகள் மட்டுமல்ல. நூல் மூட்டை நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது, அங்கிருந்து துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, பிறகு கட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பவர் டேபிள், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு படியும் வெவ்வேறு கூரையின் கீழ், பல நேரம் வெவ்வேறு முதலாளியிடம், ஜாப் ஒர்க்காக நடக்கிறது. இந்தச் சிதறலே ஊரின் பலம் என்று சரத் சாரி போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். போக்குவரத்து நோக்கில் அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன் பல முறை சாலையில் பயணம் செய்கிறது. குட்டி யானை வண்டிகளிலும், முன்னும் பின்னும் துணிக்கட்டு ஏற்றிய டிவிஎஸ் மொபெட்டுகளிலும் நாள் முழுக்க நகரும் இந்தச் சரக்கை எந்த மெட்ரோவும் ஏற்றப்போவதில்லை.

நகர ரயில் பற்றிய ஆய்வு இலக்கியத்தில் இங்கு ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. ஏறத்தாழ எல்லா ஆய்வுகளும் ஆட்களின் பயணத்தையே அளக்கின்றன. குமரன் சாலையிலும் பல்லடம் சாலையிலும் நெரிசலை உண்டாக்குவதில் ஆட்களுக்கு எவ்வளவு பங்கு, துணிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்காமல், ரயில் எவ்வளவு நெரிசலைக் குறைக்கும் என்று சொல்வது கடினம். இருப்புப்பாதையும் நொய்யலும் நகரை வடக்கு, தெற்கு எனப் பிரித்துச் செல்வதால், ஆளும் சரக்கும் ஒரு சில பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் ஒன்றாக முட்டிக்கொள்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தக் கடவைகளில் சிலவற்றை அகலப்படுத்துவதும் புதிதாகக் கட்டுவதும், பல ஆயிரம் கோடி ரூபாய் ரயிலைவிட நகருக்குள்ளான நெரிசலை விரைவாகத் தளர்த்தக்கூடும்.

ஆட்களின் பயணமும் வழக்கமான அச்சில் அடங்குவதில்லை. காலை எட்டரைக்கு வேலை தொடங்கி, ஆர்டர் நெருக்கும் காலத்தில் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து இரவு எட்டரையை ஒட்டிக் கூட்டம் வெளியே வருகிறது. காங்கேயம், தாராபுரம், பல்லடம், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெருந்தொகையானோர், குறிப்பாகப் பெண்கள், கம்பெனி வேனில் வந்து திரும்புகிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் கம்பெனிக்கு நடந்துபோகும் தொலைவில் விடுதிகளிலோ லைன் வீடுகளிலோ தங்குகிறார்கள். மற்றவர்களிடம் இருசக்கர வண்டி இருக்கிறது. அவிநாசி சாலையில் ஒரு ரயில் தடம் போட்டால் தாராபுரம் பக்கத்துப் பெண்ணுக்கு அதனால் என்ன வந்தது என்ற கேள்வி நியாயமானதே.

கம்பெனி வேனில் இன்னொரு நுட்பம் உண்டு. இன்று அதன் செலவைப் பெரும்பாலும் முதலாளி ஏற்கிறார். ஆள் பற்றாக்குறையே அவரை அப்படிச் செய்ய வைக்கிறது. ரயில் வந்து, வேன் நின்று, கட்டணம் தொழிலாளியின் தலையில் விழுந்தால், போக்குவரத்து முன்னேறியும் கூலி குறைந்ததாகிவிடும். பிரிட்டனில் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ரயில் நிறுவனங்கள் தொழிலாளர்களுக்கென்று காலை நேரத்தில் மலிவு வண்டிகள் விடவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பியர்சனின் இரண்டாவது நியாயம் பலித்ததில் தண்டவாளத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தச் சட்டத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

வேலைச் சந்தை விரியுமா?

மண்டல விரைவு ரயிலை ஆதரிப்போர் நெரிசலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நான்கு நகரங்களும் ஒரே வேலைச் சந்தையாகும் என்பதே அவர்களின் முதன்மை வாதம். 2023 அக்டோபரில் முதல் பகுதி திறக்கப்பட்ட டெல்லி – மீரட் தடத்தில் வண்டிகள் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடுகின்றன. அந்த வேகத்துக்கு அருகில் வந்தாலே, சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் கோவையும் ஈரோடும் திருப்பூரிலிருந்து அரைமணி நேரப் பயணமாகிவிடும். வடிவமைப்பாளர், தரக்கட்டுப்பாட்டாளர், வணிக மேலாளர் போன்ற பணியாளர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. கோவைக் கல்லூரிகளில் படித்துவிட்டு திருப்பூரில் குடியேறத் தயங்கும் இளைஞர்கள் வந்துபோக முடியும்.

ஆனால் தையல் மேசையில் அமர்வோருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதில் ஐயம் உண்டு. அத்தகைய தடத்தில் நிலையங்கள் பல கிலோமீட்டருக்கு ஒன்றாகவே அமையும்; திருப்பூருக்கு ஓரிரண்டு கிடைக்கலாம். பயணத்தின் இரு முனைகளிலும் பேருந்து தேவைப்படும். இன்னும் ஆழமான எச்சரிக்கை ஒன்று, இப்பகுதியின் கிராமங்களை நீண்டகாலம் ஆராய்ந்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் இருவரின் எழுத்துகளிலிருந்து கிடைக்கிறது. திருப்பூருக்கு வந்துபோகும் வாய்ப்புள்ள இரு கிராமங்களில், ஒன்றின் தலித் மக்கள் பனியன் வேலைக்கு வந்தார்கள். மற்றொன்றில் அவர்கள் விசைத்தறி முதலாளிகளிடம் வாங்கிய முன்பணக் கடனால் கட்டுண்டு ஊரிலேயே நின்றார்கள். தொலைவு குறைவதால் மட்டுமே வேலை கைக்கு எட்டிவிடுவதில்லை. சாதியும் கடனும் போட்டிருக்கும் தடைகளைப் போக்குவரத்துத் திட்ட அறிக்கைகள் அளப்பதே இல்லை.

இதற்கிடையே கண்முன் இருக்கும் ஒன்று எல்லா விவாதங்களிலும் விடுபடுகிறது. சேலம் – ஈரோடு – கோவை இருவழி மின்பாதை ஏற்கெனவே திருப்பூரின் நடுவே செல்கிறது. ஊத்துக்குளி, விஜயமங்கலம், வஞ்சிபாளையம், சோமனூர் ஆகிய நிலையங்கள் அதில் உள்ளன. சீசன் டிக்கெட் இந்தியாவின் மிக மலிவான பயணங்களில் ஒன்று. கேரளம் செல்லும் நீள்தொலைவு வண்டிகளும் சரக்கு வண்டிகளும் அதே பாதையில் நெருக்குவதால் உள்ளூர் வண்டிகளுக்கு இடம் கிடைப்பது அரிது என்பது உண்மை. அப்படியானால் இன்னும் ஓர் இணைப் பாதையைச் சேர்த்து, ஷிஃப்ட் நேரத்துக்கு வண்டி விடுவதற்கு என்ன செலவாகும் என்ற கணக்கையும், முற்றிலும் புதிய உயர்மட்டத் தடத்தின் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை இத்தகைய மாற்றுவழி ஆய்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது சடங்காகச் செய்யப்படுகிறதா, மெய்யாகவே செய்யப்படுகிறதா என்பது ஒவ்வொரு திட்டத்திலும் தனியே பார்க்க வேண்டியது.

மக்கள்தொகை என்னும் அளவுகோல்

கோவை மறுப்புக்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம், 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்பது. கோவை நகரத் திரளை எடுத்துக்கொண்டால் அதே கணக்கெடுப்பில் 21 லட்சத்துக்கு மேல். ஆக்ராவும் போபாலும் மாநகராட்சி அளவில் 20 லட்சத்துக்குக் கீழிருந்தும் மெட்ரோ பெற்றன. கொச்சி மாநகராட்சியில் 6 லட்சம் பேரே. அதன் நகரத் திரளோ 21 லட்சம். தமிழ்நாட்டின் குறை நியாயமானது என்றே தோன்றுகிறது.

திருப்பூர் நகரத் திரளில் அப்போது 9.6 லட்சம் பேர். அந்த அளவுகோலில் இவ்வூருக்குத் தனி மெட்ரோ எந்நாளும் கிடைக்காமல் போகலாம். ஒன்றிய அரசு 2019-லும் 2020-லும் சிறு நகரங்களுக்கென வகுத்த மெட்ரோலைட், மெட்ரோநியோ வகைகளே எஞ்சும். ஆனால் சூலூர், சோமனூர், பல்லடம், அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி எனத் தறியும் தையலும் தொடர்ந்து பரவிக் கிடக்கும் நிலப்பரப்பில் நகர எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்தே தகுதி மாறுமானால், அந்த அளவுகோல் போக்குவரத்தின் தேவையை அளக்கவில்லை. 2006-ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்றது. எத்தனை மனிதர்கள், எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில் என்பதே அதற்கேற்ற அளவுகோல்.

விடை காணாதவை

உலகச் சான்றுகளில் ஓரளவு உறுதியாகக் கொள்ளத்தக்கவை சில உண்டு. ரயிலால் சாலை நிரந்தரமாகக் காலியாவதில்லை. இணைப்புப் பேருந்தில்லாத ரயில் நெடுங்காலம் தடுமாறுகிறது. பயணிகள் கணிப்பு மிகையாகவே வருகிறது. ஆனால் நீண்ட காலத்தில் தண்டவாளம் ஊரின் வளர்ச்சியைத் தன்பால் இழுக்கிறது. சென்னையில் 2025 செப்டம்பரில் பேருந்து, மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு வழங்கத் தொடங்கியது இணைப்புப் பாடத்தைத் தாமதமாகவேனும் கற்றதன் அடையாளம்.

திறந்தே இருப்பவை பின்னலாடைப் பகுதிக்கு மிக நெருக்கமானவை. ஜாப் ஒர்க் சரக்கின் ஓட்டத்தை அளந்த முறையான கணக்கெடுப்பு இல்லாமல் நெரிசல் குறித்த எந்தக் கணிப்பும் பாதிக் கணிப்பே. விரைவு ரயில் வந்தால் கம்பெனிகள் நிலையங்களை ஒட்டி நகருமா, நிலவிலை ஏறிச் சிறு ஜாப் ஒர்க் கூடங்கள் இன்னும் வெளியே தள்ளப்படுமா என்பதற்கு ஒப்பிடத்தக்க இந்திய முன்னுதாரணம் இன்னும் கிடைக்கவில்லை. டெல்லி – மீரட் தடம் அதற்குப் போதிய வயதை அடையவில்லை. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் 50 விழுக்காடு வரி விதித்தபோது இவ்வூரின் ஆர்டர்கள் எவ்வளவு விரைவாக ஆட்டம் கண்டன என்பதைப் பார்த்தோம். முப்பது ஆண்டுக் கடனில் கட்டப்படும் தடத்துக்கு, ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும் ஒரு தொழிலின் பயணிகளை எப்படிக் கணிப்பது என்பது முறையியல் சார்ந்த சிக்கல். சாத்தியக்கூறு ஆய்வு இவற்றுள் எத்தனையைக் கையில் எடுக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமையும். குறிப்பாக, இரவு எட்டரைக்கு வேலை முடிந்து வெளியே வரும் பெண் எவ்வளவு கட்டணம் தரமுடியும், நிலையத்திலிருந்து ஊருக்கு எதில் போவாள் என்ற இரண்டையும் பயணிகள் மதிப்பீட்டின் தொடக்கத்திலேயே வைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.